தோன்றா எழுவாய்

வீட்டில் கண்ணாடி டம்ளர் ஒன்று கீழே விழுந்து சத்தம் கேட்கிறது, ஓடிப்போய்ப் பார்க்கிறோம், பக்கத்தில் ஒரு குழந்தை நிற்கிறது. என்ன ஆச்சு என்று கேட்டால் "உடைஞ்சிருச்சு" என்றுதான் சொல்லும். "உடைச்சிட்டேன்" என்று சொல்லும் குழந்தையை நான் இதுவரை பார்த்ததில்லை. இலக்கணம் படிக்காத வயதிலேயே தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரிந்திருக்கிறது. உடைந்தது என்றால் டம்ளர் தானாகவே அந்த முடிவுக்கு வந்துவிட்டது, அதில் யாருக்கும் சம்பந்தமில்லை.

பள்ளிக்கூடத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று படித்தோம். "வந்தான்" என்று மட்டும் எழுதினால் எழுவாய் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வினைமுற்றின் விகுதியிலேயே "அவன்" ஒளிந்திருக்கிறான், தேடினால் கிடைத்துவிடுவான். அரசாங்க அறிக்கைகளில் அந்த ஒளிவிடம்கூட இருக்காது. "ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்." இதில் அந்த "-அனர்" யாரைக் குறிக்கிறது என்று பாருங்கள். செத்தவர்களை. சுட்டவனுக்கு வாக்கியத்தில் இடமே கிடையாது, விகுதியில்கூட இல்லை. இலக்கணப்படி பார்த்தால் அந்த வினையைச் செய்தவர்கள் பிணங்கள்தான்.

சில வருடங்களாகவே விசாரணைக் கமிஷன் அறிக்கைகளையும் தீர்ப்புகளையும் தேடித் தேடிப் படிக்கிறேன். ஏன் இந்த வேண்டாத வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள், சரியான பதில் என்னிடம் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க ஒன்று உறைத்தது. ராணுவமோ அரசோ தவறு செய்து தப்பித்த கதை என்றால் நாம் உடனே நீதிமன்றத்தைத் திட்டுகிறோம், பொதுமன்னிப்புக் கொடுத்த ஜனாதிபதியைத் திட்டுகிறோம். அதெல்லாம் கடைசி அத்தியாயம். விஷயம் பெரும்பாலும் முதல் நாள் சாயங்காலமே முடிந்துவிடுகிறது, யாரோ ஒருவர் உட்கார்ந்து முதல் அறிக்கையை எழுதும்போது. அப்புறம் வருகிற வருடங்கள் முழுக்க அந்தக் காகிதத்தையும் அதில் கையெழுத்துப் போட்டவர்களையும் காப்பாற்றும் வேலைதான் நடக்கிறது.

மை லாய் எல்லோரும் கேள்விப்பட்ட பெயர். 1968 மார்ச் 16, வியட்நாமின் ஒரு கிராமத்துக்குள் அமெரிக்கத் தரைப்படையின் சார்லி கம்பெனி நுழைந்தது. அன்று காலை கொல்லப்பட்ட ஊர்மக்கள் 347 பேர் என்கிறது அமெரிக்க ராணுவத்தின் கணக்கு, 504 பேர் என்கிறது வியட்நாம் அங்கே எழுப்பிய நினைவிடம். கிழவர்கள், பெண்கள், கைக்குழந்தைகள். இதுவரை எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது அன்று சாயங்காலம் மேலே போன கணக்கு. எதிரிகள் 128 பேர் பலி, கைப்பற்றிய ஆயுதங்கள் 3.

இன்னொரு தடவை படியுங்கள். 128 பேர், 3 துப்பாக்கி.

அப்படியானால் மிச்சம் 125 பேர் எதை வைத்துச் சண்டை போட்டார்கள்? இரண்டாம் வகுப்புப் பையனுக்கு வருகிற கேள்வி. அந்தக் காகிதம் கம்பெனியிலிருந்து பட்டாலியன், அங்கிருந்து பிரிகேட், அங்கிருந்து டிவிஷன் என்று படிப்படியாக ஏறியது, ஒவ்வொரு படியிலும் பல வருடம் போர் பார்த்த ஓர் அதிகாரி அதைப் படித்தார், ஒருவர்கூட அதைத் திருப்பி அனுப்பிக் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைகளுக்கெல்லாம் தலைவரான ஜெனரல் வெஸ்ட்மோர்லேண்ட் அந்தக் கம்பெனிக்குப் பாராட்டுச் செய்தியே அனுப்பினார்.

ஊருக்குள் வதந்தி கிளம்பியதும் பிரிகேட் கமாண்டர் கர்னல் ஹென்டர்சன் விசாரித்து, ஏப்ரல் மாதம் ஓர் அறிக்கை கொடுத்தார். பீரங்கி வீச்சிலும் இரு தரப்பின் குறுக்குச் சூட்டிலும் சிக்கிப் பொதுமக்கள் 20 பேர் தவறுதலாகக் கொல்லப்பட்டனர் என்பது அதன் சாரம். "தவறுதலாக", "சிக்கி", "கொல்லப்பட்டனர்". மூன்று சொல்லில் முன்னூற்றுச் சொச்சம் பேர் காணாமல் போனார்கள். குறுக்குச் சூடு என்றால் எதிரே இருந்தும் யாராவது சுட்டிருக்க வேண்டும் அல்லவா, அப்படி அங்கே யாருமே இல்லை.

ராணுவம் தானாக முன்வந்து எதையும் சொல்லவில்லை. ரான் ரைடன்ஹவர் என்ற இளைஞர், சம்பவ இடத்தில் இல்லாதவர், மற்ற சிப்பாய்கள் வாயால் கேட்டதையெல்லாம் கோர்த்து ஒரு வருடம் கழித்து காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கடிதம் எழுதியதால் விஷயம் வெளியே வந்தது. ராணுவப் புகைப்படக்காரர் ரான் ஹேபர்லே அன்று தன் சொந்தக் கேமராவில் எடுத்து வைத்திருந்த கலர் படங்களும் வந்தன. அவர் ராணுவக் கேமராவில் எடுத்துக் கொடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் அந்தப் பிணக் குவியல் இல்லை. எந்தக் கேமராவில் எதை எடுக்க வேண்டும் என்பது அவருக்கே அன்று தெரிந்திருந்தது, பாருங்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எழுதவே சலிப்பாக இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் சுமார் 26 பேர், தண்டனை ஒரே ஒருவருக்கு, லெப்டினன்ட் வில்லியம் கேலிக்கு. 22 பேரைக் கொன்றதாக 1971-ல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். மறுநாளே அதிபர் நிக்சன் அவரைச் சிறையிலிருந்து எடுத்து வீட்டுக்காவலுக்கு மாற்றச் சொன்னார். ஆயுள் 20 வருடமாகி, 20 வருடம் 10 ஆகி, 1974-ல் ஆள் வெளியே. மொத்தம் மூன்றரை வருடம்போல, அதிலும் பெரும்பகுதி தன் சொந்தக் குடியிருப்பில். கம்பெனித் தலைவர் கேப்டன் மெடினா விடுதலை. அந்த 20 பேர் அறிக்கை எழுதிய ஹென்டர்சனும் விடுதலை. டிவிஷன் தலைவர் மேஜர் ஜெனரல் கோஸ்டர் அதற்குள் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கே தலைவராகியிருந்தார். அவர் மேல் இருந்த குற்றச்சாட்டு கைவிடப்பட்டது, ஒரு படி பதவி இறக்கி ஒரு பதக்கத்தைப் பறித்தார்கள். அவ்வளவுதான்.

அமெரிக்க மக்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், எல்லாப் பழியையும் ஜெனரல்கள் தலையில் போட்டுவிட்டு நாம் கழன்றுகொள்ளக் கூடாது. கேலிக்குத் தண்டனை என்றதும் வெள்ளை மாளிகைக்குத் தந்திகள் குவிந்தன, பெரும்பாலானவை அவருக்கு ஆதரவாக. ஜார்ஜியா மாநிலத்தில் ஆளுநர் ஒருவர் போர்வீரர்கள் தினம் அறிவித்து, பகலில் கார் விளக்குகளை எரியவிட்டு ஓட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த ஆளுநர் பெயர் ஜிம்மி கார்ட்டர். ஆமாம், பிற்காலத்தில் மனித உரிமைக்காக நோபல் வரை போன அதே கார்ட்டர்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, அங்கே அப்படித்தான் என்று தள்ளிவிடலாம். 2000 மார்ச் 25-க்கு வாருங்கள், காஷ்மீரில் பத்ரிபல். அதற்கு ஐந்து நாள் முன்னால் சிட்டிசிங்புராவில் முப்பத்தைந்து சீக்கியர்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள், அமெரிக்க அதிபர் கிளின்டன் இந்தியாவில் இருந்த நேரம், உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கொலைகாரர்களான வெளிநாட்டுத் தீவிரவாதிகள் ஐந்து பேர் மோதலில் சுட்டு வீழ்த்தப்பட்டனர் என்று பத்ரிபலில் இருந்து செய்தி வந்தது. உடல்கள் அடையாளம் தெரியாத அளவுக்குக் கருகிப் போயிருந்தன. அந்தச் சமயத்தில் சுற்று வட்டாரத்தில் சில ஆண்களைக் காணோம் என்று குடும்பங்கள் தேடிக்கொண்டிருந்தன. உடல்களைத் தோண்டியெடுக்கச் சொல்லி ஊர்வலம் போனவர்கள் மேல் பிரக்போராவில் துப்பாக்கிச் சூடு நடந்தது, அதிலும் சிலர் செத்தார்கள். (பார்த்தீர்களா, நானே "நடந்தது" என்று எழுதிவிட்டேன். கை தானாகப் போகிறது. சுட்டவர்கள் பாதுகாப்புப் படையினர்.)

கடைசியில் தோண்டினார்கள். உறவினர்களின் ரத்த மாதிரியோடு ஒப்பிட மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பொருந்தவில்லை என்று வந்தது. ஏன் பொருந்தவில்லை என்பது 2002-ல்தான் தெரிந்தது, இறந்தவர்களின் பெண் உறவினர்களுடையது என்று சீட்டு ஒட்டியிருந்த குப்பிகளில் இருந்தது ஆண்களின் ரத்தம். ஒரு குப்பி, அதன் மேல் ஒரு தாயின் பெயர், உள்ளே யாரோ ஓர் ஆணின் ரத்தம். முதல் நாள் எழுதிய பொய்யைக் காப்பாற்ற எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அதற்கும் ஓர் ஆள் உட்கார்ந்து ஊசி குத்தி, சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். மறுபடி சரியாக மாதிரி எடுத்துப் பார்த்ததும் பொருந்தியது. ஐவரும் உள்ளூர்க்காரர்கள்.

சிபிஐ விசாரித்து, இது திட்டமிட்ட கொலை என்று ஐந்து ராணுவத்தினர் மேல் 2006-ல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. இங்கே வருகிறது ஜம்மு காஷ்மீருக்கான ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது. அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று உச்ச நீதிமன்றம் வரை இழுத்து, 2012-ல் அது ராணுவத்திடமே விட்டது, சாதாரண நீதிமன்றமா ராணுவ நீதிமன்றமா, நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று. ராணுவம் எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று சொல்லவா வேண்டும். 2014 ஜனவரியில், விசாரணைக்கே போகாமல், போதிய ஆதாரமில்லை என்று கோப்பை மூடிவிட்டது.

அந்த முன் அனுமதி என்ற பூட்டை இப்போதும் அப்படியேதான் பயன்படுத்துகிறார்கள். 2021 டிசம்பர் 4, நாகாலாந்தின் ஓட்டிங், நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து பிக்அப் வண்டியில் வீட்டுக்குத் திரும்பிய ஆறு பேரைச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. அதன் பிறகு வெடித்த கலவரத்தில் மேலும் பலர். வண்டியை நிறுத்தச் சொல்லியும் வேகமெடுத்தது, ஆள் தெரியாமல் தவறு நேர்ந்துவிட்டது என்று நாடாளுமன்றத்தில் விளக்கம் வந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவேயில்லை என்றார் உயிர் தப்பியவர். மாநிலப் போலீஸ் விசாரித்து 30 ராணுவத்தினர் மேல் குற்றப்பத்திரிகை போட்டது, மத்திய அரசு 2023-ல் அனுமதி மறுத்தது, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை நிறுத்தியது. முப்பது பேரும் குற்றவாளிகள் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்லும் இடம் நீதிமன்றம். அந்த வாசலுக்கே போக விடவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

சரி, நீதிமன்றம் வரை போய், சாட்சி சொல்லி, தண்டனையும் வாங்கிக் கொடுத்துவிட்டால்? அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது, யாழ்ப்பாணம் மாவட்டத்தின் மிருசுவில். 2000 டிசம்பரில், போரால் இடம்பெயர்ந்திருந்தவர்கள் தங்கள் வீடுவாசலை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனார்கள். எட்டுப் பேரைக் கழுத்தறுத்துப் புதைத்தார்கள், அதில் ஐந்து வயதுப் பிள்ளையும் உண்டு. ஒருவர் காயத்தோடு தப்பி ஓடி வந்து சொன்னதால்தான் அந்தக் குழி தெரிந்தது. அவர் தப்பியிருக்காவிட்டால் எட்டுப் பேரும் காணாமல் போனோர் பட்டியலில் எட்டு வரிகளாகியிருப்பார்கள். வழக்கு பதினைந்து வருடம் நடந்து, 2015-ல் கொழும்பு மேல் நீதிமன்றம் சுனில் ரத்நாயக்க என்ற இராணுவ சார்ஜென்டுக்கு மரண தண்டனை விதித்தது, மற்ற நால்வர் விடுதலை. 2019-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், ஊரெல்லாம் கொரோனா ஊரடங்கில் கதவைச் சாத்திக்கொண்டிருந்த வாரத்தில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார்.

மரண தண்டனை வேண்டும் என்று நான் கேட்கவில்லை, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆயுளாகக் குறைத்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இருபது வருடம் பாடுபட்டு ஓர் எழுவாயை வாக்கியத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள், ஒரு கையெழுத்தில் அதை அடித்துவிட்டார்கள், அதுதான்.

வட அயர்லாந்தின் லண்டன்டெரியில் 1972 ஜனவரி 30 அன்று ஊர்வலம் போனவர்களில் 13 பேரை பிரிட்டிஷ் பாராசூட் படையினர் சுட்டுக் கொன்றார்கள், பதினான்காமவர் பின்னர் இறந்தார். சில வாரங்களில் ஒரு விசாரணை அறிக்கை வந்து சிப்பாய்கள் பக்கம் நின்றது. அது பொய் என்று நிரூபிக்க இன்னொரு விசாரணை, பன்னிரண்டு வருடம், ஏறத்தாழ 20 கோடி பவுண்டு செலவு. 2010-ல் பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் "எஃப்" என்று மட்டும் அறியப்படும் ஒரே ஒரு சிப்பாய் மேல் கொலை வழக்கு நடந்து 2025 அக்டோபரில் அவர் விடுதலையானார். அந்தப் படையினர் ஒழுங்கு என்பதையே மறந்து நிராயுதபாணிகளைச் சுட்டார்கள் என்பதில் நீதிபதிக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தக் குறிப்பிட்ட ஆள்தான் என்று காட்ட அரசுத் தரப்பிடம் இருந்தது, 1972-ல் சக சிப்பாய்களிடம் ராணுவப் போலீஸே எழுதி வாங்கிய வாக்குமூலங்கள். அவற்றை நம்பித் தண்டிக்க முடியாது என்றார் நீதிபதி, சட்டப்படி அவர் சொன்னது சரிதான். மறுபடியும் முதல் காகிதம். தங்கள் ஆட்களைத் தாங்களே விசாரித்து அன்று ராத்திரி எழுதி வைத்தது, 53 வருடம் கழித்தும் அவர்களைக் காப்பாற்றியது.

ராணுவம் மட்டும்தானா என்றால் இல்லை, அலுவலகத்தில் உட்கார்ந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஒழிக்கலாம். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய பல்லாயிரம் பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று வரித்துறை முத்திரை குத்தியது. கொடுத்த பணத்தை மொத்தமாகத் திருப்பிக் கேட்டார்கள், குடும்பங்கள் கடனில் மூழ்கின. நாடாளுமன்றக் குழு கிழித்துத் தொங்கவிட்டதும் 2021 ஜனவரியில் பிரதமர் மார்க் ருட்டேயின் அரசே ராஜினாமா செய்தது. ஆகா, இதுவல்லவா பொறுப்பு என்று தோன்றும். மார்ச்சில் தேர்தல், மறுபடி அவர் கட்சிதான் முதலிடம், மறுபடி அவரே பிரதமர், இப்போது நேட்டோவின் பொதுச்செயலாளர். அரசுத் துறை என்பதால் வரித்துறையின் மேல் குற்ற வழக்குப் போட முடியாது என்று அரசு வழக்கறிஞர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

எதிர்த்தரப்பில் சொல்வதைக் கேட்காமல் இல்லை. போர்க்களத்தில் அரை நொடியில் முடிவெடுப்பவனை ஏசி அறையில் உட்கார்ந்து எடை போடாதே, ஒவ்வொரு தோட்டாவுக்கும் வழக்கு வரும் என்றால் எவன் எல்லையில் நிற்பான் என்கிறார்கள். முதல் பாதி எனக்கும் சம்மதம்தான், அரை நொடியில் நேர்ந்த தவறு வேறு. ஆனால் ரத்தக் குப்பியில் சீட்டு மாற்றி ஒட்டுவது அரை நொடி வேலை இல்லை. ஆப்கானிஸ்தானில் ஆஸ்திரேலியச் சிறப்புப் படையினர் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதாக 2020-ல் வந்த அந்நாட்டு ராணுவத்தின் சொந்த விசாரணை அறிக்கையே சொல்கிறது. அதில் ஒரு விவரம், கொல்லப்பட்டவனின் பக்கத்தில் வைத்துப் படமெடுப்பதற்கென்றே சிலர் வேறு துப்பாக்கிகளையும் வாக்கிடாக்கிகளையும் கூடவே எடுத்துப் போனார்களாம். காலையில் கிளம்பும்போதே சாயங்கால அறிக்கைக்கான பொருளைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவனுக்கு என்ன அரை நொடி?

நானும் அறிக்கை எழுதிப் பிழைப்பவன்தான், அதனால் நீதிமான் வேஷம் போட முடியாது. ஒரு தடவை என் கவனக்குறைவால் அலுவலகத்தில் முக்கியமான கோப்புகள் மொத்தமாக அழிந்தன. மேலே அனுப்பிய குறிப்பில் முதலில் "அழித்துவிட்டேன்" என்று தட்டினேன். அப்புறம் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து, ஒரே ஒரு "த்"தை "ந்" ஆக்கி, "-ஏன்" என்ற வாலை வெட்டி, "அழிந்துவிட்டன" என்று அனுப்பினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், என் மேலதிகாரியும் அவருக்கு மேலே அதே வாக்கியத்தைத்தான் அனுப்பியாக வேண்டும். என் கையில் இருந்தது கோப்பு, அதனால் யாரும் சாகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம், எழுதும்போது வந்த நிம்மதி அதே நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

எழுவாய் முழுசாக வந்து உட்கார்ந்த ஒரு வழக்கும் எனக்குத் தெரியும், வாச்சாத்தி. 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று அந்த மலைக்கிராமத்துக்குள் புகுந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் மேல் வழக்கு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் 18 பேர். 2011 செப்டம்பரில் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்தே போயிருந்தார்கள், உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. ஒருவர்கூட விடுபடவில்லை. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, அப்போதைய கலெக்டர், எஸ்பி, மாவட்ட வன அதிகாரி மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மேலே இருந்தவர்களைக் கேட்கலாமா என்ற பேச்சு வருவதற்கு 31 வருடம். அந்த 18 பெண்களும் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய வருடங்களை யார் அறிக்கையில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

மை லாயில் ஒருவரை விட்டுவிட்டேன், வேண்டுமென்றேதான். ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சன். அன்று காலை மேலிருந்து பார்த்தவர், ஓடி ஒளிந்த ஊர்க்காரர்களுக்கும் துரத்திய சொந்தப் படைக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். நம் ஆட்கள் இவர்களைச் சுட்டால் நீங்கள் நம் ஆட்களைச் சுடுங்கள் என்று தன் குழுவினரான கோல்பர்ன், ஆண்ட்ரியோட்டா இருவரிடமும் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். சுமார் பத்துப் பேர் பிழைத்தார்கள். அதற்காக அவருக்கு அப்போதே ஒரு பதக்கமும் கொடுத்தார்கள், கூடவே ஒரு சான்றுரை, கடும் குறுக்குச் சூட்டில் சிக்கிய குழந்தையைக் காப்பாற்றியதற்காக என்று. அந்த இல்லாத குறுக்குச் சூடு அவர் சான்றுரையிலும் வந்துவிட்டது. பதக்கத்தை அவர் தூக்கியெறிந்துவிட்டார்.

1998-ல் வேறொரு பதக்கம் கொடுக்க முன்வந்தார்கள். குழுவில் மற்ற இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தால்தான், வெளிப்படையாகக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்றார். ஆண்ட்ரியோட்டா 1968 ஏப்ரலிலேயே போரில் இறந்திருந்தார். வாஷிங்டனில், வியட்நாம் போர் நினைவுச் சுவருக்கு அருகே விழா நடந்தது. அந்தச் சான்றுரையில், மை லாயில் போரிடாத மக்களை அமெரிக்கப் படைகள் சட்டவிரோதமாகப் படுகொலை செய்தபோது என்று எழுதியிருந்தது. ராணுவமே எழுதி, ராணுவமே கையெழுத்திட்ட காகிதம். யார் செய்தது என்று அதில் இருந்தது.

அந்த 1998-ல் வில்லியம் கேலி ஜார்ஜியாவில் மாமனாரின் நகைக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.